குண்டு போட்டாராம்!

சென்ற கிழமை ஒருநாள் மாலை, படிப்பகம் ஒன்றிலே அமர்ந்திருந்தோம். ஆலையிலிருந்து திரும்பிய தோழர்கள் நால்வர், சிமெண்ட் படிந்த கையோடு வந்த கட்டடத் தொழிலாளர் இருவர், சுவரோரம் பெஞ்சில் சாய்ந்திருந்த பெரியவர் ஒருவர். இளைஞன் ஒருவன் ஏட்டை விரித்து, உரத்த குரலிலே தலைப்புகளைப் படித்துக் கொண்டிருந்தான். "செய்தியாளர் கூட்டத்தில் குண்டு போட்டார்! எதிர்முகாம் கதிகலங்கியது!" என்று படித்தான். கேட்ட தோழர்கள் நிமிர்ந்தனர், முகங்களிலே மலர்ச்சி. "போடட்டும், போடட்டும்" என்றார் ஒருவர். "இன்னும் நாலு குண்டு கைவசம் இருக்கிறதாம்" என்றார் இன்னொருவர்.

பெரியவர் மட்டும் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எத்தினை பேர் செத்தவை, தம்பி?"

கொல்லென்று சிரிப்பு எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விட்டது. பெரியவர் யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பக்கத்திலே இருக்கிற இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமைச் சேர்ந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். 1996இல் படகேறி வந்தவர். வண்ணம் பூசும் வேலை செய்து பிழைப்பவர். "அப்படியில்லை ஐயா, ஊழல் புகார் ஒன்றைச் சொல்லியிருக்கிறார், அதைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள்" என்று விளக்கினான் இளைஞன். "ஓ, பேச்சோ! குண்டு எண்டு வாசிச்சீர், அதுதான் கேட்டனான்" என்று கூறிவிட்டுப் பெரியவர் குவளையை மறுபடி எடுத்துக் கொண்டார்.

அவர் யாரையும் குறை கூறவில்லை. கோபித்துக் கொள்ளவும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி நம்மோடு வீடு வரை வந்தது. இரவு முழுவதும் உடனிருந்தது. அந்தத் தலைப்பைத் தீட்டிய ஏடு எது என்று கேட்பீர்கள். சொல்லுகிறோம், கடைசியிலே.

குண்டு! சொல் என்னவோ சாதுவான சொல்தான். நம் தாய்மார் கூந்தலிலே சூடுவது குண்டுமல்லி. கணக்கர் தாளோடு தாளைச் சேர்த்துக் குத்தி வைப்பது குண்டூசி. சிறுவன் கால்சட்டைப் பையிலே போட்டுக் குலுக்கிக் கொண்டு திரிவது கோலிக்குண்டு. சுவர் நேராக எழும்புகிறதா என்று கொத்தனார் நூலிலே கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பது தூக்குக்குண்டு. மின்விளக்கு வந்தது, அதையும் நாம் விடவில்லை, குண்டு பல்பு என்றோம். கொழுகொழுவென்ற பிள்ளையைக் குண்டுப் பயலே என்று கொஞ்சிக் கன்னத்தைக் கிள்ளுகிறோம். வீட்டிலே குண்டுமணித் தங்கம் இல்லையே என்று பெண்ணைப் பெற்றவர் பெருமூச்சு விடுகிறார். (அது குன்றிமணி, தோழர்களே! பொற்கொல்லர் தராசிலே எடைக்கு வைத்த சிவப்பு விதை. வாய்க்கு வாய் வந்து குண்டுமணி ஆகிவிட்டது.) உலகம் தெரியாமல் உட்கார்ந்த இடத்திலேயே சுற்றுபவனைக் கண்டால், குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிறான் என்று நகைக்கிறோம். சாலை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. அந்தக் குண்டுக்குப் பொறுப்பாளி யார் என்பது வேறொரு கட்டுரைக்கு உரிய பொருள்.

ஆங்கிலத்திலே 'பாம்' என்கிறார்களே, அந்தச் சொல் காதிலே பிறந்த சொல். பழைய கிரேக்க மொழியிலே 'பொம்போஸ்' என்றால் முழக்கம், ரீங்காரம். அது லத்தீனுக்குப் போய், இத்தாலிக்குப் போய், பிரெஞ்சுக்காரர் வாயிலே புகுந்து, ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. நம்முடைய சொல்லோ கண்ணிலே பிறந்தது. உருண்டையாக இருந்ததெல்லாம் குண்டு. பீரங்கியின் வாயிலே திணித்த இரும்பு உருண்டையைக் கண்டோம். அதற்கும் அதே பெயரைக் கொடுத்தோம். துப்பாக்கியிலிருந்து பாய்வதற்கும், பீரங்கியிலிருந்து பறப்பதற்கும், விமானத்திலிருந்து விழுவதற்கும் ஆங்கிலத்திலே தனித்தனிச் சொல் இருக்கிறது. நமக்கு மூன்றும் குண்டுதான். மல்லிகைக்கும் மரணத்துக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறோம். அதற்காக நம் முன்னோர்மீது குற்றம் சுமத்த முடியாது. குண்டு என்றால் என்ன என்பதை அவர்கள் அறிய நேரவில்லை, அவ்வளவுதான்.

அறிய நேர்ந்த நாளும் வந்தது. 1914 செப்டம்பர் 22, இரவு. முதல் உலகப் போர் மூண்டு இரண்டு மாதம் ஆகவில்லை. ஜெர்மனியின் எம்டன் என்ற போர்க்கப்பல் சென்னைக் கடலிலே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சில நிமிடங்களிலே பொழிந்துவிட்டுப் போயிற்று. துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. நகரம் நடுங்கியது. குண்டு எடுத்த உயிர்கள் சிலவே. ஆனால் பிறகு நிகழ்ந்ததைப் பாருங்கள்! அந்தக் கப்பலின் பெயரையே பிடுங்கித் தமிழிலே ஒரு சொல்லாக வைத்துக் கொண்டோம். "அவன் சரியான எம்டன்" என்றால் இன்றும் பொருள் புரிகிறது அல்லவா? எமகாதகன், ஏமாற்ற முடியாதவன் என்று! குண்டு போட்டவனுக்கு நாம் கொடுத்த பட்டம் அது. மாண்டவர் பெயரோ யாருக்கும் நினைவில்லை.

1942 ஏப்ரலிலே இன்னொரு கதை. இரண்டாம் உலகப் போர். ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்தைத் தாக்கின. அடுத்தது சென்னைதான் என்று பேச்சு எழுந்தது. மூட்டை முடிச்சோடு மக்கள் ஊர் ஊராக ஓடினார்கள். அலுவலகங்கள் உள்நாட்டுக்கு மாற்றப்பட்டன. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் கொடிய விலங்குகள் தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சி, உயிர்க்காட்சிச் சாலையிலே இருந்த சிங்கம் முதலிய விலங்குகளைச் சுட்டுத் தள்ளினார்கள். குண்டு வரும் என்ற பயத்தாலே குண்டுக்குப் பலியான பிராணிகள் அவை! அந்த ஏப்ரலிலே சென்னையில் ஒரு குண்டும் விழவில்லை. சொல் மட்டுமே விழுந்தது. சொல்லுக்கே அவ்வளவு வலிமை இருந்தது, ஒரு காலத்திலே.

அப்படிப்பட்ட சொல் எப்படி இளைத்தது? இளைக்க வைத்தவர்கள் யார்? இங்கேதான் தோழர்கள் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

குண்டு செய்கிறவன் அதைக் குண்டு என்று அழைப்பதில்லை. செல்லப்பெயர் வைக்கிறான். 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15 மணி. ஹிரோஷிமா நகரின்மீது விழுந்த அணுகுண்டு ஏறத்தாழ 4,400 கிலோ எடை. அதற்கு அமெரிக்கர் இட்ட பெயர் 'சின்னப் பையன்'! அதைச் சுமந்து வந்த விமானத்துக்கு, விமானி தன்னைப் பெற்ற தாயின் பெயரை எழுதி வைத்திருந்தார். தாயின் பெயர் தாங்கிய விமானம், பையனை இறக்கிவிட்டுத் திரும்பியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்நகரிலே மாண்டவர் சுமார் 1,40,000 பேர். வேலைக்குப் போகிற நேரம் அது. தீ பரவாமல் தடுப்பதற்காக வீடுகளை இடித்து வழி உண்டாக்கும் வேலைக்கு ஆயிரக்கணக்கான பள்ளி மாணவர்களை நகரின் நடுவே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். திறந்த வெளியிலே நின்ற பிள்ளைகள்! சின்னப் பையன் சின்னப் பையன்களைத்தான் முதலிலே தேடிப் போனான்.

மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 9, முற்பகல் 11.02 மணி. நாகசாகி. உண்மையிலே அன்று குறிவைக்கப்பட்ட ஊர் கொக்குரா. அங்கே புகையும் மேகமும் மூடியிருந்தன. கீழே எதுவும் தெரியவில்லை. ஆகவே விமானம் திரும்பி நாகசாகிக்கு வந்தது. ஓர் ஊரின்மேல் மேகம் இருந்ததால் இன்னோர் ஊரிலே அந்த ஆண்டிலேயே சுமார் 70,000 பேர் மாண்டார்கள். அந்தக் குண்டு முன்னதைவிடப் பருமன். நடுப்பகுதி ஒன்றரை மீட்டர் அகலம். அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'தடியன்'! பச்சையாகத் தமிழிலே சொன்னால், குண்டன்! குண்டுக்குக் குண்டன் என்று பெயர் வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்களாக்கும். நாம் கன்னத்தைக் கிள்ளி அழைக்கிற அதே பெயர்.

இது ஆண்டவர் வைத்த பெயர். மாண்டவர் வைத்த பெயர் என்ன? ஹிரோஷிமா மக்களுக்கு அணுவும் தெரியாது, யுரேனியமும் தெரியாது. அவர்களாக ஒரு சொல் உண்டாக்கினார்கள்: 'பிக்கா-தோன்'. பிக்கா என்றால் பளிச்சென்ற ஒளி. தோன் என்றால் பேரொலி. தொலைவிலே இருந்தவர்கள்தாம் பிக்கா-தோன் என்று சொன்னார்கள். அருகே இருந்து தப்பியவர்களோ பிக்கா என்று மட்டுமே சொன்னார்கள். ஏனென்றால் அவர்கள் ஒளியைக் கண்டார்கள். ஒலியைக் கேட்கவே இல்லை. எவ்வளவு தொலைவிலே நின்றார் என்பதை ஒருவர் சொல்லுகிற சொல்லைக் கொண்டே கண்டுபிடித்துவிடலாம்! அகராதிக்காரர் ஆயிரம் பக்கம் எழுதினாலும் இந்த உண்மையை எழுதிவிட முடியாது. அவ்வாறு தப்பிப் பிழைத்தோர் சேர்ந்து 1956இல் அமைத்த சங்கத்துக்குத்தான் 2024ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அறுபத்தெட்டு ஆண்டு கழித்து!

போர் முடிந்தது. குண்டு முடியவில்லை. பசிபிக் கடலிலே பிகினி என்று ஒரு தீவுக்கூட்டம். தென்னை, மீன், தோணி, 167 மக்கள். 1946 பிப்ரவரியிலே ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில் வழிபாடு முடிந்த மக்களிடம் அமெரிக்கத் தளபதி வந்து பேசினார். மனித குலத்தின் நன்மைக்காக, போர்களுக்கெல்லாம் முடிவு கட்டுவதற்காக, உங்கள் தீவைக் கொஞ்ச காலம் தரவேண்டும் என்றார். கொடுத்தார்கள். ஜூலை 1ஆம் நாள் முதல் சோதனை வெடித்தது. நான்கே நாள் கழித்து, ஜூலை 5இல், பாரிஸ் நகரிலே ஒருவர் பெண்களுக்கான துண்டு நீச்சலுடை ஒன்றை அரங்கேற்றி அதற்குப் பிகினி என்று பெயர் சூட்டினார். பரபரப்புக்காகவாம்! இன்று உலகிலே கோடிக்கணக்கானோருக்குத் தெரிந்தது உடைதான். ஊரைத் தெரிந்தவர் சிலரே. 1954 மார்ச் 1ஆம் நாள் அங்கே வெடித்த ஹைட்ரஜன் குண்டு, ஹிரோஷிமாக் குண்டைப்போல ஆயிரம் மடங்கு. 23 பேரோடு கடலிலே மீன் பிடித்துக் கொண்டிருந்த ஜப்பானியப் படகின்மீது வெள்ளைச் சாம்பல் பொழிந்தது. அவர்களிலே ஒருவர் ஏழாம் மாதம் மாண்டார். கொஞ்ச காலம் என்று கேட்டு வாங்கிய தீவுக்கு அந்த மக்கள் இன்றுவரை குடியேற முடியவில்லை.

பெயர்சூட்டு விழா நின்றபாடில்லை. 2017 ஏப்ரலிலே ஆப்கானிஸ்தானத்தில் அமெரிக்கா போட்ட ஏறத்தாழ 10 டன் குண்டுக்கு வழங்கிய பெயர், குண்டுகளுக்கெல்லாம் தாய். தாய் என்பவள் உயிர் தருகிறவள், இது உயிரைப் பறிப்பது, இதையா தாய் என்பது, பெயரைக் கேட்டு வெட்கப்பட்டேன் என்றார் அன்றைய போப் பிரான்சிஸ். போப்பரசருக்கும் நமக்கும் பேசித் தீர்க்க வேண்டிய வழக்குகள் பல உண்டு. ஆனால் இந்த வழக்கிலே நாம் அவர் பக்கம். நம் நாடு மட்டும் சளைத்ததா? 1974 மே 18இல் பொக்ரானில் நடத்திய வெடிப்புக்கு 'சிரிக்கும் புத்தர்' என்று பெயர்; அமைதிக்கான அணுவெடிப்பு என்று விளக்கம். கொல்லாமையைப் போதித்தவர், பாவம், என்ன செய்வார்? சிரிக்கத்தானே முடியும்!

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், அந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல காலமும் வந்தது. 1951இல் கனடா நாட்டிலே, கோபால்ட் கதிர்களைப் பாய்ச்சிப் புற்றுநோயைத் தீர்க்கும் கருவி ஒன்றை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் கோபால்ட் குண்டு. இலட்சக்கணக்கான நோயாளிகளின் ஆயுளை நீட்டித்த குண்டு அது ஒன்றுதான். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஓர் அறிஞர், அதே கோபால்ட்டை வைத்து உலகத்தையே வாழ முடியாத இடமாக்கும் குண்டு ஒன்றைச் செய்ய முடியும் என்று எச்சரித்திருந்தார். உலோகமும் ஒன்று, பெயரும் ஒன்று.

இந்தச் சொல்லைச் சொல்லுகிறவன் யார் என்பதையும் பார்க்க வேண்டும். 1984 ஆகஸ்ட் 11. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரீகன் வானொலியிலே பேச உட்கார்ந்தார். ஒலிவாங்கியைச் சோதித்துப் பார்ப்பதற்காக, ரஷ்யாவுக்கு என்றென்றைக்கும் தடைபோடும் சட்டத்திலே கையெழுத்திட்டுவிட்டேன், இன்னும் ஐந்து நிமிடத்திலே குண்டுவீச்சு தொடங்கும் என்றார். வேடிக்கையாம்! பேச்சு கசிந்தது; உலகம் திடுக்கிட்டது. மூன்று மாதம் கழித்து நடந்த தேர்தலில் அவர் 50 மாநிலங்களிலே 49ஐ வென்றார்.

2010 ஜனவரி. வட இங்கிலாந்திலே பனி மூடி விமான நிலையம் ஒன்று அடைபட்டது. காதலியைக் காணப் போக இருந்த இளைஞர் ஒருவர், ஒரு வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விமான நிலையத்தையே தகர்த்து விடுவேன் என்று சலிப்போடு ட்விட்டரில் எழுதினார். கைதானார். தண்டம் விதிக்கப்பட்டது. வேலை போயிற்று. இது வெறும் வேடிக்கைப் பேச்சு என்று உயர்நீதிமன்றம் விடுவிப்பதற்கு 2012 ஜூலை வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குண்டு வைத்திருக்கிறவர் வேடிக்கை பேசினார். மறுபடி நாற்காலி கிடைத்தது. குண்டே இல்லாதவர் வேடிக்கை பேசினார். இருந்த நாற்காலியும் போயிற்று. இதைக் கொண்டு, பள்ளிக்கூடங்களுக்கு மிரட்டல் அனுப்புகிற குறும்பர்களுக்கு நாம் பரிந்து பேசுவதாக யாரும் கருத வேண்டாம். 2024 பிப்ரவரியிலே சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு ஒரே நாளில் வந்த மின்னஞ்சலால், வேலையைப் போட்டுவிட்டுப் பள்ளி வாசலுக்கு ஓடிய தாய் தந்தையரைக் கேட்டால் தெரியும். அது புரளிதான், அவர்கள் பட்ட பாடு புரளி அல்ல.

நம் வீட்டுக்குள்ளேயும் பார்ப்போம். தீபாவளிக்குப் பிள்ளை என்ன கேட்கிறான்? அணுகுண்டு! சணல் சுற்றிய பச்சை உருண்டை. பெட்டிக் கடையிலே கிடைக்கிறது. அதைச் சுற்றுகிற கைகள் விருதுநகர் மாவட்டத்து ஏழைகளின் கைகள். 2012 செப்டம்பர் 5ஆம் நாள், சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியிலே பட்டாசு ஆலை ஒன்றில் வெடித்த வெடியில் ஏறத்தாழ 40 பேர் கருகிப் போனார்கள். அதன் பிறகும் ஆண்டு தவறாமல் செய்தி வருகிறது. ஏடுகள் அதற்கு வெடி விபத்து என்று பெயர் எழுதுகின்றன. வெடிமருந்தை அளவுக்கு மீறி அடைத்து, ஆட்களையும் அளவுக்கு மீறி அடைத்தால் நிகழ்வது விபத்தா? மேடையிலே புகார் கூறுவது குண்டுவீச்சு. ஆலையிலே ஆட்கள் சிதறுவது விபத்து. என்ன மொழி இது!

மேற்கு மலை அடிவாரத்துக்குப் போனால் 'அவுட்டுக்காய்' என்பார்கள். காய் என்றதும் காய்கறி என்று எண்ணிவிட வேண்டாம். காட்டுப்பன்றியைக் கொல்லத் தின்பண்டத்துக்குள் வைக்கிற வெடி அது. பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கிறது, யானைக் கன்று கடிக்கிறது. வாய் சிதறிப் பட்டினி கிடந்து சாகிறது. பெயரைக் காய் என்று வைத்தவர்கள் நாம்தான். வியட்நாம் போரிலே அமெரிக்கச் சிப்பாய்களும் அன்னாசிக் குண்டு, கொய்யாக் குண்டு என்றுதான் பெயர் வைத்தார்கள். பழக்கடையா, படைக்கலமா என்று எண்ணத் தோன்றுகிறது அல்லவா? அந்தக் கொய்யாவின் வயிற்றுக்குள் சுமார் 300 எஃகு மணிகள் இருந்தன. வியட்நாம் மக்கள் அதைப் 'பொம் பி' என்றார்கள். 'பி' என்றால் அவர்கள் மொழியிலே என்ன தெரியுமா? சிறுவர் விளையாடும் கோலி! எங்கோ ஒரு தொலைதூர மக்கள், தங்கள் துன்பத்துக்குக் கோலிக்குண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கோலிகள் அதிகம் கொட்டப்பட்ட நாடு வியட்நாமுக்குப் பக்கத்து நாடான லாவோஸ். அதைப் பற்றி நம் ஏடுகளிலே எழுதுவோர் குறைவு. ஆகவே சற்று விரிவாகவே சொல்லுவோம். 1964 முதல் 1973 வரை, அந்தச் சின்னஞ்சிறு நாட்டின்மீது அமெரிக்கா போட்ட குண்டு 20 இலட்சம் டன்னுக்கு மேல். விமானங்கள் பறந்து தாக்கிய தடவை 5,80,000. ஒன்பது ஆண்டுக் காலம், இரவும் பகலும், எட்டு நிமிடத்துக்கு ஒரு விமானச் சுமை என்று கணக்கு வருகிறது. போர் என்று அறிவிக்கவே இல்லை. அமெரிக்க மக்களுக்கும் சொல்லவில்லை. மறைவாகவே நடந்தது. கொத்துக் குண்டு என்பது நடுவானிலே பிளந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளை இறைப்பது. அப்படி இறைபட்டவை ஏறத்தாழ 27 கோடி. அவற்றிலே பத்துக்கு மூன்று வெடிக்காமல் மண்ணிலே புதைந்தன. எட்டுக் கோடி!

போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. உழவன் மண்வெட்டியை ஓங்குகிறான். ஓங்கிய கை திரும்பவில்லை. மழைக்காலத்திலே மண் கரைந்து உருண்டை ஒன்று வெளியே தெரிகிறது. பந்து என்று பிள்ளை எடுக்கிறான். 1964 முதல் அங்கே இவ்வாறு மாண்டவரும் ஊனமுற்றவரும் சுமார் 50,000 பேர்; அதிலே ஏறக்குறைய 20,000 பேர் போர் ஓய்ந்த பிறகு சிக்கியவர்கள். பழைய இரும்புக்கு விலை உண்டு. ஆகவே ஏழைகள் தேடிப் போய் எடுக்கிறார்கள். குண்டின் கூட்டைத் தூணாக நட்டு அதன்மேல் குடிசை போட்டிருக்கிறார்கள். விமானம் உதறிப் போட்ட எண்ணெய்த் தொட்டியைப் பிளந்து தோணி செய்திருக்கிறார்கள். அலுமினியத்தை உருக்கிச் சோற்றுக்கரண்டி வார்க்கிற கிராமமே ஒன்று உண்டு. வெடிக்காத குண்டை அந்த மக்கள் 'பொம்பி' என்று அழைக்கிறார்கள். அவர்கள் வாயிலே அது சலிப்பூட்டும் சொல் அன்று. வயலுக்குப் போகிற பிள்ளைக்குத் தாய் சொல்லி அனுப்புகிற சொல்.

2016இல் அந்நாட்டுக்கு வந்த ஒபாமா, மண்ணைத் துப்புரவு செய்வதற்கு மூன்றாண்டுகளுக்கு 9 கோடி டாலர் தருவதாக அறிவித்தார். கொட்டியவர் கூட்டித் தள்ளுவதற்குக் கொடுத்த கூலி! கொத்துக் குண்டுகளைத் தடை செய்யும் உடன்பாடு 2008இல் உருவாகி 2010 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா சேரவில்லை, ரஷ்யாவும் சீனாவும் சேரவில்லை, தில்லியும் சேரவில்லை. சேர்ந்திருந்த லிதுவேனியா நாடு 2025 மார்ச்சிலே வெளியேறிவிட்டது. அணுகுண்டுகளைத் தடை செய்யும் உடன்பாடு 2021 ஜனவரியில் உயிர் பெற்றது; அணுகுண்டு வைத்திருக்கிற ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட அதிலே இல்லை. 2025 தொடக்கத்திலே உலகில் இருந்த அணுகுண்டுகள் 12,000க்கு மேல்.

மறுநாள் மாலை மறுபடி படிப்பகத்துக்குப் போனோம். பெரியவரும் வந்திருந்தார். நாம் கேட்காமலே அவர் பேசவில்லை. கேட்டதற்கும் கொஞ்சம்தான் பேசினார். அவர்கள் ஊரிலே குண்டுவீச்சு விமானத்துக்குப் பொம்மர் என்று பெயராம். 1996இல் வந்திறங்கிய இஸ்ரேலிய விமானத்துக்குக் கிபிர். பாடம் படிக்காத பிள்ளைக்கும் ஓசையைக் கேட்டு எது எந்த விமானம் என்று சொல்லத் தெரியுமாம். வீட்டுக்கு அடுப்படி இருப்பதுபோல முற்றத்திலே பங்கர். பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டு மூடிய குழி. "எங்கட ஆக்கள் குண்டு எண்டு கனக்கச் சொல்லிறேல்ல தம்பி. வருது எண்டுதான் சொல்லுவம்" என்றார். 1995 ஜூலை 9ஆம் நாள், யாழ்ப்பாணத்து நவாலியிலே மாதா கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது இலங்கை விமானம் போட்ட குண்டுகளில் நூற்றுக்கு மேற்பட்டவர் மாண்டார்கள். அதைப் பற்றிக் கேட்டோம். பெரியவர் பதில் சொல்லவில்லை. கோவில் சுவருக்கு அன்று என்ன நிறம் என்று மட்டும் நினைவு கூர்ந்து சொன்னார். வண்ணம் பூசுகிறவர் அல்லவா!

நாம் எழுந்து நேரே நம் அலுவலகத்துக்கு வந்தோம். ஆம், தோழர்களே! அந்தத் தலைப்பு நம் ஏட்டிலேயே வந்ததுதான். கோப்பை எடுத்துப் புரட்டினோம். ஒரே மாதத்திலே நாம் போட்ட குண்டுகள் ஆறு. ஒன்று வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றியது. ஒன்று கூட்டணிப் பேச்சைப் பற்றியது. இன்னொன்று, சொல்லவே கூசுகிறது, ஒரு நடிகரின் திருமணத்தைப் பற்றியது. ஆறிலும் ஒருவருக்கும் ஒரு கீறல் விழவில்லை. அதே மாதத்துக் கோப்பிலே, காசாவிலே உண்மையான குண்டு விழுந்து உண்மையான மக்கள் மாண்ட செய்தியும் இருக்கிறது. அது உள்பக்கத்திலே, மூலையிலே, சின்ன எழுத்திலே.

செய்திப் பிரிவுத் தோழரை அழைத்தோம். இனி அந்தச் சொல்லை அது விழுந்த இடத்துக்கு மட்டும் போடுவோம் என்றோம். அவர் தலையைச் சொறிந்தார். "ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் குற்றச்சாட்டு என்று போட்டால் ஏழெழுத்து. தலைப்பிலே இடம் கொள்ளாது. குண்டு என்றால் மூன்றெழுத்து" என்றார்.

"புகார் எத்தனை எழுத்து?" என்று கேட்டோம்.

விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.